நைஸ் மதிப்பை மாற்றினால் வேகம் வந்துவிடுமா?

நிரல் மெதுவாக ஓடினால் உடனே அதன் முன்னுரிமையை ஏற்றிவிடுவது என் பழைய பழக்கம். லினக்ஸில் சிபியூ நேரம் பெறுவதில் ஒரு நிரலின் முன்னுரிமையைக் குறிக்கும் எண்தான் நைஸ் மதிப்பு; அது -20 முதல் 19 வரை, எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும். ஆனால் அந்த நிரல் வட்டிலிருந்து தரவு வரக் காத்துக்கிடந்தால் -20 கொடுத்தும் பெரிதாக ஒன்றும் ஆகாது. தூங்குகிறவனுக்கு வரிசையில் முதல் இடம் கொடுத்து என்ன பயன்?

 

முன்னுரிமை எப்படிக் காலை வாரும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம். அங்கே போய் அது அடிக்கடி ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. வானிலைத் தரவைக் கையாண்ட தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு) பிடித்திருக்கும், அதே மியூடெக்ஸுக்காக உயர் முன்னுரிமைப் பணி காத்திருக்கும், அந்த நேரம் பார்த்து இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத நடுத்தரப் பணி ஒன்று புகுந்து சிபியூவைப் பிடித்துக்கொள்ளும், கீழே இருப்பது ஓட முடியாததால் மேலே இருப்பதும் நின்றுபோகும். பொறுமையிழந்த கண்காணிப்பு டைமர் எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்துவிடும்.

தீர்வு? பூட்டை வைத்திருப்பவருக்கு, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பது. அந்த வசதி விண்கலத்தின் இயங்குதளமான விஎக்ஸ்வொர்க்ஸில் ஏற்கெனவே இருந்தது, குறிப்பிட்ட மியூடெக்ஸுக்கு அணைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் பூமியிலிருந்தே அதை இயக்கிவிட்டார்கள்.