சல்லடையும் வெளிச்சமும்: என் எம்.எஸ்சி. வைவா (வாய்மொழித் தேர்வு) அனுபவம்

பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துதான் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தேன். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்: வெள்ளி மென்படலத்தில் வரிசையாகப் போட்ட நுண்துளைகள் வழியே ஒளி எப்படிப் போகிறது? துளை போடும் அயனிக் கற்றைக் கருவிக்கு நாங்கள் எங்கே போவது? முழுக்கக் கணக்குதான். ஜூனியர்கள் இருவர் இதே தலைப்பை எடுத்துக்கொண்டு கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் செமினாரிலேயே கவிழ்ந்தேன். "துளையைப் பெரிதாக்கினால் உச்சம், அதாவது ஒளி அதிகமாகப் போகும் அலைநீளம், எங்கே நகரும்?" என்று கேட்டார் ஒரு பேராசிரியர். "சார், பரப்புப் பிளாஸ்மான்..." என்று இழுத்தேன். "பேரைக் கேட்கலையேப்பா" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் படிக்கும் வரிசையை மாற்றினேன். பிளாஸ்மானை மூட்டை கட்டி வைத்துவிட்டு, 1944இல் ஹான்ஸ் பெத்தே போட்ட கணக்கைப் பிடித்தேன். ஒளியின் அலைநீளத்தைவிடத் துளை மிகச் சிறியதென்றால், அதன் வழியே போகும் பங்கு ஆரத்துக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதத்தின் நான்காம் அடுக்கில் சரியும். 150 நானோமீட்டர் விட்டத் துளை, 1370 நானோமீட்டர் ஒளி என்று வைத்து, அவர் சூத்திரத்தின் மாறிலிகளையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்: துளைமேல் விழுவதில் ஆயிரத்தில் மூன்று பங்குதான் தேறும். அதுவும் தடிமனே இல்லாத தகட்டுக்கு. இதைக் கையால் ஒருமுறை போடாமல் அடுத்த பக்கம் திருப்பாதீர்கள்.

ஏனென்றால் 1998இல் தாமஸ் எப்பெசன் குழு 'நேச்சர்' இதழில் சொன்னது இதற்கு நேர்மாறு. குவார்ட்ஸ்மேல் 200 நானோமீட்டர் தடிமனில் வெள்ளி, அதே 150 அளவுத் துளைகள், 900 நானோமீட்டருக்கு ஒன்று. துளைகளின் பரப்பு மொத்தத்தில் 2.2 சதவீதம்தான் வருகிறது. ஆனால் 1370 பக்கத்தில், துளைகள்மேல் விழுந்ததைவிட அதிக ஒளி மறுபுறம் வந்தது! துளைக்கு வெளியே, உலோகத்தின்மேல் விழுந்த ஒளியும் எப்படியோ உள்ளே போயிருக்கிறது. உலோகமல்லாத ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படலத்தில் இது நடக்கவில்லை. ஆக, உலோகத்துக்கு இதில் பங்கு உண்டு. பிளாஸ்மான் என்ற பெயரை இந்த இடத்தில் கொண்டுவந்தால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது: ஒளி துளை வரிசையில் பட்டு, உலோகப் பரப்பை ஒட்டி ஓடும் எலக்ட்ரான் அலையாக மாறி, துளை வழியே இறங்கி, மறுபுறம் மீண்டும் ஒளியாகிறது. வழவழப்பான பரப்பில் உந்தம் ஒத்துவராது. குறைகிற உந்தத்தைக் கொடுப்பது துளைகளின் ஒழுங்கான இடைவெளி.

அம்மா ராகி மாவு சலிப்பதை உவமையாக வைத்திருந்தேன்: கம்பிமேல் விழுந்த மாவும் ஆட்டினால் துளைக்குள் இறங்குகிறதே. மாதிரி வைவாவில் கைடு, "உன் சல்லடை நிறம் பார்த்துச் சலிக்குமா?" என்றார். உவமையை அன்றோடு விட்டேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. எந்த நிறம் போகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது துளையின் அளவு இல்லை, இடைவெளி. துளை பெரிதானால் உச்சம் உயரும், அகலும். இடம் கொஞ்சம்தான் நகரும். செமினாரில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

உண்மையான வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) வேறு இடத்தில் கை வைத்தார். இடைவெளி 900ஐக் குவார்ட்ஸின் ஒளிவிலகல் எண் 1.46ஆல் பெருக்கினால் 1314; வெள்ளிக்கான திருத்தம் சேர்த்தால் சுமார் 1330. "அளந்தது 1370 ஆச்சே, மீதி 40 எங்கே?" என்றார். நல்லவேளை, முந்தின வாரம் அதே 40 என்னையும் தூங்கவிடவில்லை. அந்தச் சூத்திரம் துளையே இல்லாத பரப்புக்கானது. துளை வழியே நேராக வரும் ஒளியும் பரப்பைச் சுற்றி வரும் ஒளியும் குறுக்கிடும்போது உச்சம் சிவப்புப் பக்கம், அதாவது நீண்ட அலைநீளப் பக்கம், தள்ளிப்போகும். ஃபேனோ வடிவம் என்பார்கள். போர்டில் அந்தக் கோணல் வளைகோட்டை வரைந்தேன். சாக்பீஸை வாங்கி, சூத்திரம் சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பள்ளத்தை அவரே வட்டமிட்டார். அடுத்த கேள்வி, வேலைக்கு எங்கே போகப் போகிறாய் என்பது.