பெரியப்பாவின் வலது கை

பேர்த்தில் இருக்கும் தங்கச்சி போன கிழமை ஒரு வீடியோ அனுப்பினாள். அலை விளையாடப் போன ஒருவரைச் சுறா கடித்துவிட்டது. கரையில் ஆட்கள் அலறுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்குள் எங்கள் குடும்ப வாட்ஸப்பில் மச்சான் எழுதிவிட்டார்: "உதுகளை எல்லாம் பிடிச்சுச் சுட வேணும்." அவருடைய பிள்ளைகள் இரண்டும் அந்தக் கடலில்தான் நீந்துகிறார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் சொன்னது மனதுக்கு ஒத்துவரவில்லை.

ஏனென்றால் எனக்குக் குருநகர்ப் பெரியப்பாவின் வலது கை தெரியும். முழங்கைக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தழும்பு. வலையில் கிடந்த சுறா செத்துவிட்டதென்று நினைத்துக் கழற்றப் போனாராம், திரும்பிக் கவ்விவிட்டது. வள்ளத்தில் இருந்த மற்றவர் தன் சாரத்தைக் கிழித்து, மேல்கையில் இறுக்கிக் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்தக் கட்டு இல்லையென்றால் ரத்தம் போயே முடிந்திருப்பேன் என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்வார்.

சின்ன வயதில் கேட்டேன், சுறாவில் கோபம் வரவில்லையா என்று.

"என்னத்துக்குப் பிள்ளை கோவம்? நான்தானே அதைப் பிடிச்சனான். அது தன்ர உயிருக்குக் கடிச்சது."

கை ஆறியதும் திரும்பத் தொழிலுக்குப் போனார், சுறாவும் பிடித்தார். என் மகன் பிறந்தபோது பால்சுறா கொண்டுவந்து தந்தவரும் அவர்தான். அம்மா வறை வறுத்துத் தந்தா, பால் ஊறும் என்று. நாங்கள் சுறா தின்கிற சனம், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் தின்னப் பிடிப்பது வேறு, பழிவாங்கப் பிடிப்பது வேறு.

பழிவாங்கிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஹவாயில் 1959 முதல் 1976 வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சுறாக்களைக் கொன்றார்கள். ஆட்களைக் கடிப்பது குறைந்ததாகத் தெரியவில்லை. தங்கச்சி இருக்கும் மேற்கு அவுஸ்திரேலியாவிலேயே, சில வருடங்களுக்குள் பலர் இறந்த பிறகு, 2014இல் அரசாங்கம் இரை குத்திய தூண்டில்களைக் கடலில் மிதக்கவிட்டது. 172 சுறாக்கள் அகப்பட்டன, 68 செத்தன. பெரும்பாலும் புலிச்சுறா. எல்லாரும் பயந்த பெரிய வெள்ளைச்சுறா ஒன்றுகூட இல்லை. அப்போது கொட்டஸ்லோ கடற்கரையில் ஆயிரக்கணக்கான சனம் கூடி, கொல்லாதே என்று நின்றது.

அதற்கும் முன்னர், 2010இல், சுறாவிடம் கடிபட்டுத் தப்பிய ஒன்பது பேர் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக்கே போனார்கள். கை கால் இழந்தவர்களும் அதில் இருந்தார்கள். சுறாக்களைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கத்தான் போனார்கள். வாசித்தபோது பெரியப்பாவின் குரலே கேட்டது.

பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் கோபப்பட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். அவவுக்கு அந்த உரிமை இருக்கிறது. எனக்கு வேண்டியது, கடற்கரைகளில் ரத்தத்தை நிறுத்தும் கட்டு கைக்கெட்டிய இடத்தில் இருப்பதும், அதைக் கட்டத் தெரிந்த ஆட்கள் இருப்பதும். சாரத்தைக் கிழித்தவர் செய்தது அதுதான்.

நேற்றுப் பின்னேரம் பெரியப்பாவிடம் வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார்.

"பொடியன் தப்பீட்டானோ?"

எங்கள் வாட்ஸப்பில் நாற்பது பேர். ஒருவரும் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரவே தங்கச்சிக்கு எடுத்தேன். காலில் சத்திரசிகிச்சை முடிந்து, கண் முழித்துக் கதைக்கிறாராம்.