சேப்பாக்கம் அரண்மனையும் அதன் தோட்டமும்

அரண்மனை பார்க்க வேண்டும் என்றால் மைசூருக்கோ பத்மநாபபுரத்துக்கோ ரயில் ஏறுவதுதான் சென்னைவாசிகளின் வழக்கம். காமராசர் சாலையில் பேருந்தில் போகும்போதெல்லாம் கண்ணில் படும் செந்நிறக் கோபுரமும் குவிமாடங்களும் ஆர்க்காட்டு நவாபுகளின் அரண்மனையைச் சேர்ந்தவை என்று அறிந்தவர்களிலும், உள்ளே சென்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. அரசு அலுவலகங்கள் நிறைந்த வளாகம் என்பதால் அலுவல் இல்லாதவர்கள் தயங்குவது இயல்பே. வேலை நாள் ஒன்றின் காலையில் எழிலகத்தை ஒட்டிய வழியில் நான் நுழைந்தபோது காவலரும், “எந்த ஆபீஸுக்குப் போகணும் சார்?” என்றுதான் கேட்டார். கட்டடத்தைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “பாருங்க, போட்டோ மட்டும் எடுக்காதீங்க” என்று அனுப்பினார்.

ஆம்பூர்ப் போரில் 1749இல் தந்தை அன்வாருதீன் கான் கொல்லப்பட்ட பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையோடு ஆட்சியைப் பிடித்த முகமது அலி வாலாஜா, ஆர்க்காட்டைவிடச் சென்னையே தமக்குப் பாதுகாப்பு என்று கருதினார். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் மாளிகை கட்டிக்கொள்ளும் எண்ணம் கைகூடாததால், கோட்டைக்குத் தெற்கே, கூவத்தைத் தாண்டிய கடலோர நிலத்தில் 1768இல் இந்த அரண்மனை எழுந்தது. இதைக் கட்டியவர் கம்பெனியின் பொறியாளராக இருந்த பால் பென்ஃபீல்ட் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. அவரே பின்னாளில் நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவராகி, தஞ்சாவூரின் வருவாய்வரை உரிமை கொண்டாடினார் என்பதையும், ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கடுமையாகப் பேசும் அளவுக்கு அந்த விவகாரம் முற்றியது என்பதையும் நினைத்துக்கொண்டு பார்த்தால், இந்த வளைவுகளின் அழகு சற்று விலை கூடியதாகவே தோன்றுகிறது.

அரண்மனை என்பது ஹுமாயூன் மஹால், கலச மஹால் என்ற இரண்டு பகுதிகள். இவற்றுக்கு இடையே நிற்கும் உயரமான சதுரக் கோபுரத்தை நவாபுகளின் ஆடம்பரம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அரண்மனை அரசின் கைக்கு வந்த பிறகு கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் சேர்த்தது. கலச மஹால் 2012 ஜனவரியில் நேர்ந்த தீ விபத்தில் பெரிதும் அழிந்தது. தீயணைப்புப் பணியில் ஓர் அதிகாரி உயிரிழந்தார். பின்னர் சீரமைக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை நவாபின் மாளிகையில் விசாரிப்பது எனக்குப் பிடித்திருந்தது. பூட்டிக் கிடப்பதைவிடப் புழக்கத்தில் இருப்பதே பழைய கட்டடத்துக்கு நல்லது.

தோட்டத்தை மட்டும் வளாகத்துக்குள் தேடிப் பயனில்லை. 117 ஏக்கர் பரப்பில், மதில் சூழ, தெற்கே பைகிராஃப்ட்ஸ் சாலையிலிருந்து வடக்கே கூவம் வரையிலும், மேற்கே பெல்ஸ் சாலையிலிருந்து கடற்கரை வரையிலும் அது பரந்திருந்தது. அந்த எல்லையை நடந்து பார்த்தால்தான் நவாபின் இருப்பு எவ்வளவு பெரியது என்பது உறைக்கும். மாநிலக் கல்லூரி அருகே, இப்போது பாரதி சாலை எனப்படும் பைகிராஃப்ட்ஸ் சாலையில் மேற்கே திரும்பினேன். சிறிது தூரத்தில் பக்கிங்ஹாம் கால்வாயும் அதன்மேல் பறக்கும் ரயில் பாதையும் குறுக்கிடுகின்றன. பெரும்பஞ்சம் வாட்டிய 1877–78இல், நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட பகுதி இது. பழைய தோட்ட நிலத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது. கால்வாய்க்கு மேற்கே இருப்பது கிரிக்கெட் மைதானம். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1865இல் இங்கே வந்தது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952இல் பெற்றதும் இங்கேதான். பெல்ஸ் சாலையில் டிக்கெட்டுக்காக வரிசையில் நின்ற எத்தனை பேருக்கு அது நவாபின் மேற்கு மதில் என்று தெரியும்? வாலாஜா சாலையைக் கடந்தால் சென்னைப் பல்கலைக்கழகம். அதன் செனட் இல்லமும் சிஷோமின் கைவண்ணமே. நேப்பியர் பாலத்தருகே கூவத்தை எட்டியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது, கால்களும் கெஞ்சின.

கிழக்கு எல்லையை மட்டும் இன்றைய கடற்கரையை வைத்து அளக்கக் கூடாது. துறைமுகம் கட்டப்பட்ட பிறகே மணல் சேர்ந்து மெரினா இவ்வளவு அகலமானது. நவாபின் காலத்தில் அலைகள் மாளிகைக்கு மிக அருகில் இருந்தன.

கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் 1855இல் பிள்ளையின்றி இறக்க, நவாப் பட்டத்தைக் கம்பெனி ஒழித்தது. கடன்களை அடைப்பதற்கென்று அரண்மனை 1859இல் ஏலத்துக்கு வந்தது, அரசே வாங்கிக்கொண்டது. ஆர்க்காட்டு இளவரசர் என்ற புதிய பட்டம் 1867இல் வழங்கப்பட்டது. அந்தக் குடும்பம் 1876 முதல் ராயப்பேட்டை அமீர் மஹாலில் வாழ்கிறது. சேப்பாக்கத்தைப் பார்ப்பவர்கள் அங்கும் ஒரு நடை போய் வரலாம்; குடும்பம் குடியிருக்கும் இல்லம் என்பதால், செந்நிறக் கோபுரங்கள் இரண்டு நிற்கும் அதன் வாயிலைச் சாலையிலிருந்து பார்ப்பதோடு திருப்தி அடைய வேண்டும்.