மும்பையில் சிஐடி ரசிகர்களுக்குப் பஞ்சமே இல்லை!

சோனி சேனலின் ஹிந்தித் துப்பறியும் தொடர் சிஐடியைத்தான் சொல்கிறேன். ஆனால் முதலில் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. மதுரை ரயில் எங்களை இறக்கிவிட்டது குர்லாவில், லோக்மான்ய திலக் டெர்மினஸில். வெளியே வந்ததுமே அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்ட ஒருவர், சித்தப்பா வீடு இருக்கிற மாட்டுங்கா லேபர் கேம்ப் போக 400 ரூபாய் என்றார். மீட்டர் போடச் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சரி, ராத்திரிப் பயண அலுப்பு, ஏறிவிட்டோம். சயான் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, "இதுக்கு மேல ஆட்டோ போகாது, இறங்குங்க" என்கிறார். அவர் சொன்ன விதி உண்மைதான். சயான், பாந்திராவுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியே கிடையாது, டாக்சிதான் ஓடும். ஆனால் இது ஏறும்போதே அவருக்குத் தெரியும் இல்லையா? 400 ரூபாயில் ஒரு பைசா குறைக்கவில்லை. பெட்டிகளோடு நின்று, டாக்சி பிடித்து, அதற்குத் தனியாக அழுதோம். 2025 பிப்ரவரியிலிருந்து ஆட்டோவுக்கு மினிமம் 26 ரூபாய், டாக்சிக்கு 31. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொண்டு ஊரில் கால் வையுங்கள். "ஏட்டி, மீட்டர்ல வந்தா அதுல பாதிகூட ஆயிருக்காதே" என்று சித்தப்பா சொன்னபோது வயிறு எரிந்தது.

இந்தச் சித்தப்பாதான் எனக்கு சிஐடி பைத்தியத்தை ஏற்றிவிட்டவர். திருநெல்வேலிக்கு லீவில் வரும்போதெல்லாம் சோனி சேனலைத் தேடி வைத்துவிடுவார். எனக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. குழுத் தலைவரான போலீஸ் அதிகாரி ஏசிபி பிரத்யுமன் விரல்களை விரித்துக் கையைச் சுழற்றினால் ஏதோ சரியில்லை என்று புரியும், கதவை உடைக்கிற இன்ஸ்பெக்டர் தயா தோளைத் திருப்பினால் கதவு போச்சு என்று புரியும், அது போதுமானதாக இருந்தது. 1998 ஜனவரியில் தொடங்கி 2018 வரை, 1,500-க்கும் மேற்பட்ட எபிசோடுகள். அப்புறம் 2024 டிசம்பரில் திரும்பவும் வந்தது.

லேபர் கேம்ப் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்த அந்த ராத்திரியை மறக்கவே முடியாது. ஒரே அறை. சித்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்க்கிறாள். வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் தலைமேல் ஒருவர். தயா கதவை உடைத்தாரோ இல்லையோ, அதில் ஒரு வாண்டு எதிர் வீட்டுத் தகரக் கதவில் தோளால் ஒரு மோது! "லேய், போன மாசந்தான் கீல் மாத்துனாவ!" என்று சித்தி சோப்புக் கையோடு ஓடினாள். 2025 ஏப்ரலில் ஏசிபி குண்டுவெடிப்பில் இறந்துவிட்டதாகக் காட்டியபோது சித்தப்பா சாப்பிடவே இல்லையாம். பிறகு அவரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். கொண்டுவராமல் இருந்திருந்தால் நானும் தொடரை விட்டிருப்பேன். ஏசிபியாக நடிக்கிற சிவாஜி சாட்டம் இல்லாமல் சிஐடியா?

மறுநாள் காலை கஃபே மெட்ராஸ். கிங்ஸ் சர்க்கிள் பக்கம், 1940-லிருந்து இருக்கிற கடை. வெளியே பெயர் எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கலாம், தப்பே இல்லை. ரச வடை வந்தது. வடை ரசத்தில் ஊறிப் பஞ்சாகிவிட்டது, ஓரம் மட்டும் லேசான மொறுமொறுப்பு. மிளகுக் காரம் தொண்டையில் இறங்கி மூக்கில் வந்து நின்றது. ராகி தோசையும் பிரமாதம். அம்மா இன்னொரு ரச வடை கேட்டாள். என் பட்ஜெட் நோட்டில் அந்த நாள் கணக்கு எகிறியது இங்கேதான், அதில் எனக்கு வருத்தமே கிடையாது.

அங்கே மேஜையைத் தெரியாதவர்களோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நானும் தம்பியும் (சித்தப்பா மகன்) சிஐடியில் யார் பெஸ்ட், இன்ஸ்பெக்டர் அபிஜித்தா தயாவா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். எதிரே காபி ஆற்றிக்கொண்டிருந்த மாட்டுங்கா மாமி ஒருவர், "ரெண்டு பேரும் இல்லே, ஃப்ரெட்ரிக்ஸ்தான்" என்றார். அவ்வளவுதான், மேஜையே மாறிவிட்டது. சிரிக்க வைக்கிற இன்ஸ்பெக்டர் ஃப்ரெட்ரிக்ஸாக நடித்த தினேஷ் பட்னிஸ் 2023 டிசம்பரில் இறந்துபோனார். "அவர் போனப்புறம் பழைய எபிசோடு போட்டா எனக்குச் சிரிப்பே வரதில்லேம்மா" என்று மாமி சொன்னபோது தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சாட்டம் நடிக்க வருமுன் வங்கியில் கேஷியர், தயாவாக நடிக்கும் தயானந்த் ஷெட்டி வட்டு எறியும் வீரர், தயாரிப்பாளர் பி.பி. சிங் தூர்தர்ஷனில் கேமராமேன் என்று மாமி அடுக்கிக்கொண்டே போனார். பக்கத்து மேஜை மராத்திக்காரர்கூட நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

சிஐடி என்றாலே கதவு உடைக்கும் மீம்ஸ் போட்டுச் சிரிக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான். 2004-ல் லோனாவாலாவில் 111 நிமிட எபிசோடை ஒரே ஷாட்டில், ஒரு வெட்டுக்கூட இல்லாமல் எடுத்தார்கள். கின்னஸில் ஏறிய வேலை அது. நடுவில் ஒருவர் வசனம் மறந்தால் முதலிலிருந்து. இத்தனை வருடம் ஒரே ஆட்களை ஒன்றாக வைத்து ஒரு தொடரை ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் சிரிக்கலாம்.

ஷூட்டிங் பார்க்கிற ஆசையும் இருந்தது. ஒரு ஏஜென்ட் கோரேகாவ் ஃபிலிம் சிட்டி சுற்றிக்காட்டத் தலைக்கு 2,000 ரூபாய் கேட்டார். சிஐடி செட் காட்டுவீர்களா என்றால் "கேரண்டி இல்லை" என்கிறார். பிறகு எதற்கு 2,000? வேண்டாம் என்று வந்துவிட்டோம். லோக்கல் ரயிலில் சர்ச்கேட் போக 10 ரூபாய்தான். அங்கிருந்து நடந்தால் மெரின் டிரைவ். சாயங்காலம் முழுக்க அங்கே உட்கார்ந்து, எந்தக் கொலைக்கு எந்த துப்பு என்று தம்பியோடு பேசிக்கொண்டிருந்ததற்குச் செலவு கடலை மட்டும்.

இரண்டு விஷயம். திரும்பும்போது எட்டு மணிக்கு மேல் லோக்கல் ஏறுங்கள், அதற்கு முன் ஏறினால் மூச்சு முட்டும். கஃபே மெட்ராஸுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று லீவு.