குவார்ட்டர் அதேதான், குடிக்கிற ஆள்தான் மாறிவிட்டார்

தங்கச்சிமடத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஊரில் யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது டாஸ்மாக் கடைக்காரரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பாட்டில் அங்கே போனாலும், அதற்கப்புறம் நடப்பதெல்லாம் என்னிடம்தான் வருகிறது. இருபத்தைந்து வயதுப் பையன் காலையில் தலைவலி மாத்திரை கேட்பான். முப்பத்தைந்தில் நெஞ்செரிச்சல். நாற்பத்தைந்தில் சுகர், பிரஷர் என்று சீட்டு நீளும். ஐம்பது தாண்டியவர் ராத்திரி கடை அடைக்கும் நேரத்தில் வந்து, "தங்கச்சி, தூக்கம் வர ஏதாவது குடேன்" என்பார். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று தெரிந்தும் கேட்பார்.

இங்கே விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. படகு கரை பிடித்து, மீன் எடுத்து, பங்குப் பணம் கைக்கு வந்ததும் இளவட்டங்கள் கூட்டமாகத்தான் உட்காருவார்கள். ஒருவன் வாங்குவான், நாலு பேர் பகிர்ந்துகொள்வார்கள். சிரிப்பு, சண்டை, பாட்டு எல்லாம் நடக்கும். மறுநாள் எழுந்து தொழிலுக்குப் போய்விடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும். வேலை இல்லாத அந்தச் சமயத்தில்தான் பல பேருக்கு வாரக் குடி தினக் குடியாகிறது. தடை முடிந்து படகு போன பிறகும் அந்தப் பழக்கம் கரையிலேயே இருக்கும்.

என் தாத்தா சாயல்குடிப் பக்கம் பனையேறியவர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தி கள்ளுக்கடை திறந்தபோது அவரும் குடித்தார், மறைக்கவில்லை. ஆனால் பனைக்குப் பருவம் உண்டு. பாளை நின்றால் கள்ளும் நின்றது. வருஷத்தில் பல மாதம் உடம்புக்குத் தானாகவே ஓய்வு கிடைத்தது. 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது. 2003-ல் அரசே கடை திறந்து சில்லறைக்கு விற்க ஆரம்பித்தது. இந்தப் பாட்டிலுக்குப் பருவமே இல்லை. கள் கிட்டத்தட்ட பீர் அளவுதான் ஏறும். பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் 60 கிராம் இருக்கும். கள் நல்லது என்று வாதாட வரவில்லை. இடைவெளி போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

"முப்பது வருஷமா இதே குவார்ட்டர்தான் தங்கச்சி, ஒரு நாளும் கூட்டல" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையாகவே கூட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் வயது ஏற ஏற உடம்பில் நீர்ச்சத்து குறைகிறது, ஈரலும் முன்னைப்போல வேகமாக வேலை செய்வதில்லை. அதே 180 மில்லி அறுபது வயது ரத்தத்தில் கூடுதலாக ஏறி, கூடுதல் நேரம் நிற்கிறது. கூடவே மாத்திரைகளும் இருக்கின்றன.

என் கணவரின் பெரியப்பாவுக்கு நடந்ததை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுகருக்கு கிளிமிபிரைடு போடுகிறவர். ஒருநாள் மதியம் சாப்பிடாமல் ஒரு கட்டிங் போட்டுவிட்டு வலைக் கொட்டகையில் சாய்ந்திருக்கிறார். வியர்த்துக் கொட்டுகிறது, நாக்கு குழறுகிறது, எழுந்தால் தள்ளாடுகிறார். பார்த்தவர்கள், "போதை, தூங்கட்டும்" என்று துண்டை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். பெரியம்மா சாப்பாட்டுத் தூக்குடன் போனவர், கை ஜில்லென்று இருப்பதைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். ஊசி குத்தி இயந்திரத்தில் பார்த்தால் 41. போதை இல்லை, ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. அவருக்கு விழுங்கும் அளவு நினைவு இருந்ததால் சீனித் தண்ணீர் கொடுக்க முடிந்தது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐத்தான் அழைக்க வேண்டும். சுகர் மாத்திரை போடுகிறவர் குடித்துவிட்டுப் படுத்திருந்தால், தயவுசெய்து தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

அளவைவிட நான் கவனிப்பது வேறொன்று. கூட்டமாக உட்கார்ந்தவர்கள் ஐம்பதுக்கு மேல் தனித்தனியாகப் போய்விடுகிறார்கள். கூட்டாளி ஒருவர் செத்திருப்பார், ஒருவருக்கு டாக்டர் தடை போட்டிருப்பார், ஒருவர் மகளோடு வெளியூர் போயிருப்பார். மிஞ்சியவர் தண்ணீர் பாக்கெட்டும் ஊறுகாயும் வாங்கிக்கொண்டு மொட்டைமாடியில் தனியாக உட்காருகிறார். அவரோடு சிரிக்க ஆள் இல்லை, "போதும் மச்சான், எந்திரி" என்று சொல்லவும் ஆள் இல்லை. அங்கேதான் அளவு கைமீறுகிறது. வீட்டுப் பெண்கள் இதை, "முன்னமாதிரி சண்டை போடறதில்ல, அமைதியா குடிச்சிட்டுப் படுத்துடறாரு" என்று நிம்மதியாகச் சொல்லும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இங்கே பலர் நாற்பது நாள் நிறுத்துவார்கள். அளவாகக் குடிப்பவருக்கு அது நல்லதுதான். காலையில் கை நடுங்குகிறவர், ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்கிறவர், தானாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது. இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, வைட்டமின் ஊசி போட்டுத்தான் நிறுத்த வேண்டும். வெட்கப்பட்டால் முதலில் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு போன் செய்து பேசலாம், காசு கிடையாது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, போன வருஷம் என்றில்லாமல் போன முறை, ஒரு அண்ணன், ஓட்டுநராகப் பல வருஷம் படகு ஓட்டியவர், சத்து மாத்திரை கேட்டு வந்தார். பணத்தை எண்ணும்போது நோட்டு கையில் நிற்கவில்லை. "இன்னியிலேர்ந்து விட்டாச்சு" என்றார். கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு அவர் மகனை வரச் சொன்னேன். அன்று சாயங்காலமே ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஈஸ்டர் தாண்டியும் அவர் குடிக்கவில்லை. மாதாமாதம் போய் மாத்திரை வாங்கி வருகிறார். ஞாயிறு மதியம்தான் கஷ்டமாக இருக்கிறது என்கிறார். அந்த நேரத்தில் கடைக்கு வந்து உட்காருங்கள் அண்ணே என்று சொல்லியிருக்கிறேன், சில வாரம் வருகிறார்.