ஒரே மாவு, மூன்று பாடம்

எங்கள் வீட்டில் 12, 8, 5 வயதில் மூன்று பேர். படிப்பு வீட்டில்தான். ஆளுக்கொரு பாடமாக நடத்தி முதல் வருடம் ரொம்பவே தவித்துப்போனேன். இப்போது ஒரே வேலையில் மூவரையும் உட்கார வைக்கிறேன்.

இன்று இட்லி மாவு. 4 டம்ளர் அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து. சின்னவள் டம்ளரைத் தலைவழித்து எண்ணினாள். 6 டம்ளர் அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்பதில் நடுவுள்ளவன் மாட்டிக்கொண்டான். நான் சொன்னது ஏறவில்லை. பெரியவள் இரண்டு டம்ளர் அரிசியைத் தனியே நகர்த்தி, "நாலுக்கு ஒண்ணு, அப்போ இந்த ரெண்டுக்கு?" என்றாள். "அரை!" என்று துள்ளினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியவளுக்கு, நுண்ணுயிர்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடால் மாவு பொங்குவது பாடம். 14 வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், அதனால் அவசரமில்லை.

பாத்திரத்தில் மாவு நிற்கும் இடத்தில் நூல் கட்டியிருக்கிறார்கள். காலையில் யார் முதலில் பார்ப்பது என்று இப்போதே சண்டை.