ஆயாவின் பிடியரிசியோடு வடலூருக்கு

வடலூர் சத்திய தருமசாலையில் 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்காமல், பசி என்று வந்தவர்களுக்கெல்லாம் அங்கே சோறு போடுகிறார்கள். எங்கள் ஆயா இறந்து ஒரு வருஷம் ஆனபோது வேறு எந்தக் கோயிலும் எங்களுக்குத் தோன்றவில்லை.

எங்களுக்குப் பண்ருட்டிப் பக்கம். செம்மண் காடு, முந்திரித் தோப்பு, நாலைந்து பலா. ஆயா உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுக்களை மூலையில் இருக்கும் மண்பானையில் போடுவார். வீட்டில் எவ்வளவு முடை இருந்தாலும் அந்தப் பிடி குறையாது. தைப்பூசத்துக்கு முன்னால் பானையைக் கவிழ்த்து, அரிசியைப் புடைத்து, கல் பொறுக்கி, மூட்டை கட்டி வடலூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்ததே, அப்போது எங்கள் தோப்பில் பாதிக்குமேல் சாய்ந்துவிட்டது. முந்திரி வைத்தால் காய்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பலா அதைவிட மோசம். ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அந்தத் தையிலும் ஆயாவின் மூட்டை வடலூருக்குப் போனது. "நமக்கே இல்லாதப்பதான் அடுத்தவன் பசி நல்லாத் தெரியும்" என்றார். அப்போது நான் சிறு பெண். அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது.

முந்திரிக்கொட்டை உடைக்க வரும் பெண்களுக்கு ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டு விரலெல்லாம் புண்ணாகிவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். மத்தியானம் அவர்களுக்குச் சோறு போட்ட பிறகுதான் ஆயா தன் தட்டை எடுப்பார். கூடவே என் அம்மாவையும் உட்கார வைத்துக்கொள்வார். மருமகள் கடைசியில் தனியாகச் சாப்பிடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாமல் போனது ஆயாவால்தான். பெற்ற மகள்களான என் அத்தைகளைவிட அம்மாதான் அதிகம் அழுதார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள்.

தாத்தா கணக்கில் கெட்டி. தேங்காய் மட்டை விற்றால்கூட நோட்டில் ஏறிவிடும். ஆயா கொடுத்தது மட்டும் ஏறாது. "குடுத்தத எழுதுனா அது கடனாயிடும்" என்று ஆயா தடுத்துவிடுவாராம்.

தெவசம் கொடுக்காமல் இருக்கலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். தாத்தா அசையவில்லை. இறந்தவர்களைப் புதைக்க வேண்டும், கருமாதி, திதி எல்லாம் வேண்டாம், அதற்குப் பதில் ஏழைகளுக்குச் சோறு போடுங்கள் என்பதுதான் வள்ளலார் சொன்னது. ஆயாவைப் புதைத்ததும் அந்த வழியில்தான். அதனால் நினைவு நாளை ஒட்டி வந்த மாதப் பூசத்தன்று குடும்பமாக வண்டி ஏறினோம். ஆயா போன பிறகு பானையை நிரப்பியவர் அம்மா. அந்த அரிசியோடு தோப்புக் காசில் வாங்கிய இரண்டு மூட்டையும், பூசணியும் வாழைக்காயும் சேர்ந்துகொண்டன.

தருமசாலையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ரசீதுக்கு யார் பெயர் என்று கேட்டார்கள். அப்பா வாயெடுப்பதற்குள் தாத்தா ஆயாவின் பெயரைச் சொன்னார். 'இந்தா', 'ஏ புள்ள' என்றே கூப்பிட்டுப் பழகியவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. பெரிய அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பந்தியில் எங்களுக்கு ஒரு பக்கம் சித்தாள் வேலைக்குப் போகும் தம்பதி, மறுபக்கம் காவி கட்டிய முதியவர். சோறு, சாம்பார், ஒரு பொரியல், அவ்வளவுதான். ஆனால் ஆயா கை மணம் அதில் இருந்ததாக எனக்குப் பட்டது. தாத்தா வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்து அடுப்பைப் போய்ப் பார்த்தோம். இத்தனை தலைமுறைக்குச் சமைத்த தீயின் முன்னால் நின்றபோது 'அருட்பெருஞ்ஜோதி' என்று நாக்கு தானாகச் சொன்னது.

இரவு ஞானசபையில் ஜோதி தரிசனம். தைப்பூசத்தில்தான் கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என ஏழு திரைகளும் விலகும். மாதப் பூசத்தில் ஆறு. கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே உள்ளே போகலாம் என்பது சபையின் விதி. ஆயாவும் தாத்தாவும் பல வருஷங்களுக்கு முன்பே கவுச்சியை விட்டவர்கள். ஆயாவோடு சேர்ந்து போன இடத்துக்குத் தாத்தா அன்று தனியாக உள்ளே போனார். நாங்கள் வெளியே கூட்டத்தில் நின்று கும்பிட்டோம்.

மறுநாள் காலை, 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் அறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்ட மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துக்கும் போய்விட்டு ஊர் திரும்பினோம். வழியெல்லாம் தாத்தா பேசிக்கொண்டே வந்தார், ஆயாவைப் பெண் பார்க்கப் போன கதையிலிருந்து. பானை இனி ஒரு வீட்டில் மட்டும் இருக்கக் கூடாது, மூன்று பிள்ளைகள் வீட்டிலும் வைக்க வேண்டும் என்றார். சின்ன அத்தை அன்றைக்கே பண்ருட்டியில் இறங்கிப் பானை வாங்கிக்கொண்டார்.